லாங்யர்பியனுக்கு மகள் படிக்கப் போகிறாள்: அங்கே அன்றாடம் எப்படி?

நெல்லைத்_தகப்பன் · #1

வணக்கம். மகள் ஜெர்மனியில் நிலவியல் முதுகலை படிக்கிறாள். வரும் ஜனவரியிலிருந்து ஒரு பருவம், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள யூனிஸ் பல்கலைக்கழக மையத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊர் பெயர் லாங்யர்பியன். வரைபடத்தில் விரலை வைத்து மேலே மேலே போனேன். நார்வே முடிந்து கடலும் வந்த பிறகு, அதற்கும் மேலே கிடக்கிறது. 78 பாகை வடக்கு.

அவளிடம் கேட்டால் "சூப்பரா இருக்கும்ப்பா" என்பதோடு சரி. அவள் அம்மா கேட்கிற கேள்விகள்தான் எனக்கும்: வெயிலே வராதாமே? கரடி உண்டாமே? என்ன சாப்பிடுவாள்? உடம்புக்கு வந்தால் யார்? தேடினால் எல்லாம் சுற்றுலாப் படமாக வருகிறது. அங்கே இருந்து படித்தவர்கள் யாராவது இருந்தால், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். பயமுறுத்தினாலும் பரவாயில்லை.

பறக்கும்_பாஸ்போர்ட் · #2

சார், கவலையே வேண்டாம். உலகத்திலேயே விசா கேட்காத இடம் அது. 1920 ஸ்வால்பார்ட் ஒப்பந்தம். யார் வேண்டுமானாலும் போய் இறங்கலாம், வேலை பார்க்கலாம், செட்டில் ஆகலாம். மகள் படிப்பு முடித்து அப்படியே தங்கிவிட்டால் நார்வே குடியுரிமையே வாங்கிவிடலாம். ஜாக்பாட்!

உப்புக்காற்று · #3

அண்ணே, யூடியூப் பார்த்துட்டு இப்படி அடிச்சு விடாதீங்க. தகப்பனார் நம்பிடப் போறார்.

ஐயா, நான் தூத்துக்குடி. 2022 ஆகஸ்ட்ல போய் 2023 ஜூன்ல திரும்பினேன், அதே யூனிஸ்தான். முதல்ல இந்த விசா கதையை முடிச்சிடுறேன். தீவுக்கு விசா இல்லைங்கிறது உண்மை. ஆனா தீவுக்குப் போற விமானம் ஆஸ்லோ, ட்ரோம்சோ வழியாத்தான் போகுது. அது ஷெங்கன், அதாவது ஒரே விசாவுல போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டம். தீவு ஷெங்கனுக்கு வெளியே. அதனால இந்தியாவிலிருந்து நேரா போறவங்களுக்கு இரண்டு முறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா வேணும், இல்லேன்னா திரும்பி வர வழி கிடையாது. உங்க மகள்கிட்ட ஜெர்மன் தங்கும் அனுமதி இருக்குறதால அந்தத் தொல்லை இல்லை. ஒண்ணே ஒண்ணு: ஆறு மாசத்துக்கு மேல ஜெர்மனிக்கு வெளியே இருந்தா அந்த அனுமதி செத்துப்போகும்னு விதி உண்டு. கிளம்புறதுக்கு முன்னாடியே அலுவலகத்துல சொல்லி எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க.

குடியுரிமை? ஸ்வால்பார்ட்ல எத்தனை வருஷம் இருந்தாலும் அது நார்வேயில் வாழ்ந்த கணக்கில் சேராது. கையில காசில்லாம போனா ஆளுநர் அலுவலகம் ஊருக்கு அனுப்பிடும். அங்கே உதவித்தொகை எல்லாம் கிடையாது.

இப்ப வேலையில இருக்கேன். மத்ததை ராத்திரி எழுதுறேன்.

மதுரைக்காரி · #4

நான் ஒரு தாய். கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. சூரியன் வராத ஊர்ல அப்படி என்ன படிப்பு? கல்லு நம்ம மேலூர்லயும் கிடக்கே.

உப்புக்காற்று · #5

சிரிச்சுட்டேன் அம்மா. மேலூர் கல்லு மேல மண்ணும் மரமும் வீடும் இருக்கு. அங்கே ஒரு மரம் கிடையாது. வில்லோன்னு ஒரு செடி இருக்கு, அதுவே நம்ம கணுக்கால் உயரம்கூட வராது. மலை மொத்தமும் அடுக்கு அடுக்கா வெட்டவெளியில நிக்கும், கேக்கைக் குறுக்கா வெட்டி வெச்ச மாதிரி. நிலவியல் படிக்கிற பிள்ளைக்கு அது கோயில்.

ஐயா, அன்றாடம் கேட்டீங்க. சொல்றேன்.

ஊர் ஒரு பள்ளத்தாக்கு. மொத்தம் 2,500 பேர் சுமார். நிலக்கரிக்காக உண்டான ஊர். நான் இருந்தப்ப மாணவர் குடியிருப்பு மூணு இடத்துல இருந்துச்சு. நான் இருந்தது பள்ளத்தாக்கின் மேல்கோடியில, நீபியன்னு பேர். அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளர் பாரக்ஸ். ஆளுக்கு ஒரு சின்ன அறை, பொதுச் சமையலறை. அங்கிருந்து கல்லூரிக்கு ஒரே சாலை, நடந்தா அரை மணிக்கு மேல. ராத்திரி 11 மணிக்கும் காலை 8 மணிக்கும் ஒரே மாதிரி இருக்கிற சாலை. ஒளி பட்டா மின்னுற சட்டை போடாம யாரும் வெளியே இறங்க மாட்டாங்க, குழந்தை முதல் பேராசிரியர் வரைக்கும்.

கல்லூரிக்குள்ள நுழைஞ்சதும் செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசல்ல. நம்ம ஊர் மாதிரியேன்னு எனக்கு முதல் நாளே பிடிச்சுப்போச்சு. சுரங்கத்திலிருந்து வர்றவங்க கரித்தூளை உள்ளே கொண்டுவரக் கூடாதுன்னு தொடங்கின பழக்கமாம், இன்னிக்கும் விடலை. கம்பளிக் காலுறையோட பாடம் நடத்துவாங்க. பனியாறு எப்படி நகருதுன்னு ஒருத்தர் ரொம்ப உருக்கமா விளக்கிட்டிருந்தார். எங்க வகுப்பே அவர் இடது கால் பெருவிரலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். ஓட்டை.

பாடம் தொடங்குறதுக்கு முன்னாடி பாதுகாப்புப் பயிற்சி. துப்பாக்கி சுடணும். ஆமா, உங்க மகளும் சுடுவாள். முதலுதவி, பனிப்பிளவுல விழுந்தவரைக் கயிறு போட்டு இழுக்குறது, காப்பு உடை மாட்டிக்கிட்டு கடலில் குதிக்கிறது. அந்த உடை ஆரஞ்சு நிறத்துல முகம் மட்டும் தெரியும்படி இருக்கும். தண்ணி உள்ளே வராது. கை விரல் மட்டும் கொஞ்ச நேரத்துல நம்மளோடது இல்லாத மாதிரி ஆயிடும். கரையேறினதும் கொடுத்த சூப்பை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சும் சிந்தினேன்.

பின்மார்க்_கிழவன் · #6

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம். எண்பதுகளில நோர்வேக்குப் படிக்கவெண்டு வந்தனான், நாட்டார் உயர்பள்ளி எண்டு சொல்லுவினம். பிறகு வடக்கில பின்மார்க் கரையில ஒரு மீன் ஆலையில வேலை. எங்கட சனம் நிறையப்பேர் அப்பிடித்தான் வடக்குக்கு வந்தது. ஸ்வால்பார்ட் நான் போகேல்ல. ஆனா இருட்டு தெரியும்.

ஐயா, பிள்ளைக்குச் சொல்லுங்கோ: மீன் எண்ணெய். இஞ்ச 'திரான்' எண்டுவினம். நோர்வேக்காரருக்கு ஒரு கணக்கு இருக்கு, பேரில 'ர்' வாற மாசமெல்லாம் ஒரு கரண்டி குடிக்க வேணும் எண்டு. செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் மட்டும். வெயில் இல்லாட்டி வைட்டமின் டி இல்லை. நான் முதல் குளிருக்குக் குடிக்கேல்ல, பெரிய ஆள் எண்டு நினைச்சு. பெப்ரவரியில ஒரு நாள் வேலைக்குப் போக எழும்பிக் கட்டிலில இருந்தபடியே காலில போடுற ஒரு சப்பாத்தை மட்டும் கையில வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்திட்டன். ஏன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

இருட்டைச் சும்மா எண்டு ஒருத்தரும் சொல்ல வேண்டாம்.

நெல்லைத்_தகப்பன் · #7

உண்மையை எழுதினதற்கு நன்றி, அண்ணா. அவள் போவது ஜனவரியில். அப்போது எவ்வளவு இருட்டு? என்றைக்கு வெயில் வரும்?

உப்புக்காற்று · #8

அண்ணா சொன்னது சத்தியம். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. பின்மார்க்ல டிசம்பர்லயும் மத்தியானம் வானம் கொஞ்சம் நீலமாகும், இல்லையா அண்ணா? லாங்யர்பியன்ல நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைக்கும் அந்த நீலமும் கிடையாது. கருப்புன்னா கருப்பு. ஒரு வேடிக்கை, நிலா பௌர்ணமியை ஒட்டி நாள் கணக்கா மறையவே மறையாது, வானத்தைச் சுத்திச் சுத்தி வரும். இன்னொண்ணு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அரோரா, அதான் வானத்துல ஆடுற வண்ண ஒளி, பார்க்கலாம். பகல் நேரத்து அரோரா வேற இடத்துலயும் உண்டு, ஆனா அங்கெல்லாம் பகல் வெளிச்சம் மறைச்சிடும். இங்கே பகலே இருட்டுங்கிறதால தெரியும். அதுக்காகவே மலை மேல ஒரு ஆய்வகம் வெச்சிருக்காங்க.

உங்க மகள் வந்து இறங்கும்போது அந்தக் கருப்பு. பிப்ரவரியில நீலம். அது ஒரு மாதிரி நீலம் ஐயா, சொட்டு நீலம் போட்டு அலசின வெள்ளைத் துணியை நிழல்ல காயப்போட்டா வருமே, பனி மொத்தமும் அந்த நிறம். பிப்ரவரி 16 வாக்குல சூரியன் அடிவானத்துக்கு மேல வந்துடும். ஆனா ஊர் பள்ளத்தாக்குல கிடக்கு, சுத்தி மலை. அதனால ஊருக்குள்ள வெயில் விழுறது மார்ச் 8. பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்துல படிக்கட்டு மட்டும் இருக்கு, கட்டடம் இல்லை. அந்தப் படியில வெயில் விழுந்தாத்தான் ஊர்க்கணக்குல சூரியன் வந்ததா அர்த்தம். மொத்த ஊரும் கூடி நிப்பாங்க, குழந்தைங்க முகத்துல மஞ்சள் கதிர் வரைஞ்சுக்கிட்டுக் கத்திக் கூப்பிடுவாங்க. எங்க வருஷம் நானும் கத்தினேன். பொங்கல் அன்னிக்கு மொட்டை மாடியில நின்னதுக்கு அப்புறம் சூரியனைப் பார்த்துக் கத்தினது அப்பத்தான்.

இப்ப நான் சொல்லப்போறதை யாரும் நம்ப மாட்டீங்க. என்னைப் படுத்தினது இருட்டு இல்லை. வெளிச்சம்.

ஏப்ரல் 20 வாக்குல சூரியன் மறையுறதை நிறுத்திடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டித்தான் மறுபடி மறையும். இருட்டு காலத்துல ஊரே உஷாரா இருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திர விளக்கு, "தூங்கினியா, சாப்பிட்டியா"ன்னு ஆள் மாத்தி ஆள் கேட்பாங்க. மே மாசம் யாரும் கேட்கிறதில்லை. எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்னு ஒரு எதிர்பார்ப்பு. ராத்திரி 2 மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பனிச்சறுக்கு போறாங்க. நான் சமையலுக்கு வாங்கின அலுமினிய ஃபாயிலை ஜன்னல் முழுக்க டேப் போட்டு ஒட்டினேன். காத்து புகுந்து அது ராத்திரி பூரா படபடன்னு அடிக்கும். ஒரு மூலை பிரிஞ்சு, விரல் அகலத்துக்கு ஒரு வெயில் கோடு சரியா என் கண்ணு மேல. மூணு வாரம் ஒழுங்கா தூங்கலை. தேர்வுல ஒரு கேள்வியை ரெண்டு தடவை எழுதி வெச்சிருந்தேன்.

நல்ல கண்மூடி ஒண்ணு வாங்கிக் கொடுங்க. விமானத்துல கொடுக்கிற மாதிரி இல்லை, நல்லது.

பின்மார்க்_கிழவன் · #9

ஓம், மத்தியானம் ஒரு நீலம் வரும். அதை நம்பித்தான் இருந்தனாங்கள்.

ஆனா பிள்ளை, நீங்கள் மாணவி. உங்களுக்கு வகுப்பு, கூட்டாளிமார், விளக்கு. நான் இருட்டில போய் ஆலைக்குள்ள எட்டு மணித்தியாலம் டியூப் லைட்டுக்குக் கீழ மீன் வெட்டி, இருட்டில வீட்டை வாறது. வெளிச்சத்தை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஜூன் மாசம் விடிய ஒரு மணிக்குத் தூண்டில் போட்டிருக்கிறன். ஆளுக்காள் வேற.

உப்புக்காற்று · #10

அதை ஒத்துக்கிறேன் அண்ணா. வேலை பார்த்தவர் இருட்டும் படிச்சவ இருட்டும் ஒண்ணு இல்லை.

மதுரைக்காரி · #11

கரடி பத்தி யாரும் பேசலையே. வேணும்னே விடுறீங்களா?

உப்புக்காற்று · #12

விடலை அம்மா. பத்து மாசத்துல நான் பார்த்த கரடி ஒண்ணே ஒண்ணு. விமான நிலையத்துல பெட்டி சுத்தி வர்ற பெல்ட் நடுவுல ஒரு பாடம் பண்ணின கரடி நிக்கும். அதுதான்.

ஆனா பயம் பொய்யில்லை. 2020 ஆகஸ்ட்ல ஊருக்குப் பக்கத்துலயே, கூடாரம் போடுற இடத்துல ஒருத்தரைக் கரடி கொன்னது. ஊர் எல்லையில கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும், 'ஸ்வால்பார்ட் முழுவதற்கும் பொருந்தும்'னு எழுதி. அந்தப் பலகையைத் தாண்டினா துப்பாக்கி, விரட்டுறதுக்கு ஒளிவெடி, கூட ஆள். கடைக்குள்ள துப்பாக்கி கொண்டுவராதேன்னு பலகை இருக்கிற ஊர் அது. கரடியைச் சீண்டுறதும் குற்றம். 2025லிருந்து 300 மீட்டருக்குக் கிட்ட போகக் கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். தற்காப்புக்குச் சுட்டாலும் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும்.

களப்பணிக்குப் போய்க் கூடாரம் போட்டா ராத்திரி முறை வெச்சு கரடிக் காவல். என் முறை அதிகாலை 3 மணி, ஏப்ரல் கடைசி, பட்டப்பகல் வெளிச்சம், மைனஸ் 17. துப்பாக்கியில நாலு தோட்டா மேகசின்ல, குழல் காலியா இருக்கணும், அதான் விதி. மத்தவங்க குறட்டை கேட்குது. நான் சுத்திச் சுத்தி நடக்கிறேன். பனி வெள்ளை, ஆனா கரடி வெள்ளை இல்லை. நாலு வருஷம் துவைச்ச வேட்டி நிறம். அந்த நிறத்துல எந்தக் கல்லு தெரிஞ்சாலும் நெஞ்சு நிக்கும். ஒரு கல்லை மட்டும் இருபது நிமிஷம் பார்த்துக்கிட்டே நின்னேன். நகர்ந்துச்சு. சத்தியமா நகர்ந்துச்சு. பைனாகுலர் எடுத்துப் பார்த்தா கலைமான், குந்திக்கிட்டு இருந்தது எழுந்து சோம்பல் முறிக்குது. எனக்கு முழங்கால் ஆடினது நிக்க அரை மணி ஆச்சு.

ஆனா ஐயா, எனக்கு உண்மையில கஷ்டமா இருந்தது கரடி இல்லை. தனியா போக முடியாதுங்கிறது. நான் தூத்துக்குடியில மனசு சரியில்லேன்னா பீச் பக்கம் தனியா நடந்துட்டு வர்ற ஆள். அங்கே அது கிடையாது. நடக்கணும்னா ஆள் தேடணும், எங்க போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு எழுதி வைக்கணும், துப்பாக்கி இரவல் வாங்கணும், பயிற்சி முடிச்சவங்க கூட இருக்கணும். அழணும்னு தோணினாக்கூட ரெண்டு பேரோட போய்த்தான் அழணும். ஊருக்குள்ள தனியா நடக்கலாம், ஆனா அந்த ஒரே சாலைதான். எதிர்ல வர்ற எல்லாரும் தெரிஞ்சவங்க.

கொஞ்ச நாள்ல அதுவே பழகிடும். திரும்பி வந்த புதுசுல கடைக்குத் தனியா போகவே ஒரு மாதிரி இருந்துச்சு.

கடல்மிதவை · #13

சென்னை. ஒரு கோடையில நீ-ஆலசுண்ட் போயிருக்கிறேன், லாங்யர்பியனுக்கும் வடக்கே. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008லிருந்து அங்கேதான் இருக்கிறது. பக்கத்துக் கடலில் 2014ல் இறக்கிய இண்ட்ஆர்க் மிதவை பள்ளிக்கரணைக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தின் கைவேலை. நம்ம பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கதவைப் பூட்ட மாட்டார்கள். கரடி துரத்தினால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் ஓடிப் புகலாம் என்பதற்காக. வைஃபை, ப்ளூடூத் கிடையாது, அங்கே உள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு இரைச்சலாகிவிடும் என்று. ஃபோனை அணைத்து வைத்துவிட்டு, எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே கூடத்தில் சாப்பிடுவோம். பேச வேறு வழியில்லை, பேசினோம். லாங்யர்பியனில் அப்படியில்லை சார், கடலடியில் ஃபைபர் கேபிள் இருக்கிறது. உங்கள் மகள் வீடியோ காலில் தெளிவாகத் தெரிவாள்.

நெல்லைத்_தகப்பன் · #14

அவள் அம்மா இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தெளிந்தாள். இப்போது கேள்வி சாப்பாடு, துணிமணி, ஆஸ்பத்திரி.

உப்புக்காற்று · #15

ஆஸ்பத்திரி சின்னது ஒண்ணு இருக்கு. பெரிசா ஏதாவதுன்னா விமானத்துல ட்ரோம்சோ. காப்பீடு கட்டாயம் போடச் சொல்லுங்க, மீட்பும் அதுல சேர்ந்திருக்கணும்.

துணி: பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டு ஈரமாச்சுன்னா அதுவே உயிருக்கு எதிரி. உள்ளே கம்பளி, மேல இன்னொரு கம்பளி, வெளியே காத்துத் தடுப்பு. பனி ஸ்கூட்டர் உடை, பூட்ஸ் எல்லாம் களப்பணிக்குக் கல்லூரியே கொடுக்கும். அதை ஜெர்மனியில காசு கொட்டி வாங்க வேண்டாம். வாங்க வேண்டியது பூட்ஸ் அடியில மாட்டுற இரும்பு முள். இப்பெல்லாம் நடுக் குளிர்காலத்துல மழை பெய்யுது அங்கே. பெஞ்ச மழை உறைஞ்சு சாலை முழுக்கக் கண்ணாடி. நான் விழுந்தது எல்லாம் மைனஸ் 25ல இல்லை, பிளஸ் 2ல.

பனிச்சரிவு எச்சரிக்கை வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, மறுபேச்சு பேசாம கிளம்பணும். 2015 டிசம்பர் 19ல ஊருக்குள்ளயே சரிஞ்சு 11 வீட்டைத் தள்ளிட்டுப் போச்சு, ரெண்டு உயிர். அதுக்கப்புறம் மலை மேல தடுப்பு வேலி வரிசையா போட்டிருக்காங்க.

ஃபோனை உள்சட்டைப் பையில, உடம்புச் சூட்டுல வைக்கணும். வெளிப்பையில வெச்சா 60 சதவீதம் காட்டிக்கிட்டே செத்துடும்.

சாப்பாடு. இதுக்குத்தான் காத்திருந்தேன். ஊர்ல தாய்லாந்துக்காரங்க நிறைய. அதனால அரிசி, தேங்காய்ப்பால், பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். பச்சைக் காய்கறி விலை கேட்டா கண்ணைக் கட்டும், எல்லாம் வெளியிலிருந்து வரணுமே. துவரம்பருப்பு நான் பார்த்ததில்லை, அவள் பெட்டியில வரட்டும். பெருங்காயம், புளி, உளுந்தும். மோருக்குக் கவலையில்லை, 'குல்துர்மெல்க்'னு அட்டைப்பெட்டியில ஒரு புளிச்ச பால் கிடைக்கும். உப்பு போட்டு, இஞ்சி தட்டிப்போட்டா நீர்மோர்னு சத்தியம் பண்ணலாம். தாளிக்கும்போது மட்டும் புகை போக்கியைப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டுத் தாளிக்கச் சொல்லுங்க. நான் வந்த ரெண்டாவது வாரம் காய்ந்த மிளகாய் தாளிச்சு, தீ அலாரம் அடிச்சு, மைனஸ்ல மொத்த பாரக்ஸும் காலுறையோட வெளியே நின்னது. கரண்டியோட நின்னது நான் மட்டும்தான், அதனால யாருன்னு விசாரிக்கவே வேண்டியிருக்கலை.

பறக்கும்_பாஸ்போர்ட் · #16

சரி, விசா விஷயத்துல நான் தப்பு. இட்லி, தோசைக்கு மாவு புளிக்குமா அந்தக் குளிர்ல?

உப்புக்காற்று · #17

வீட்டுக்குள்ள குளிரே கிடையாது அண்ணே, சூடான தண்ணி குழாயில ஊர் பூரா ஓடுது. நிலத்துக்குள்ள உறைபனிங்கிறதால குழாய் எல்லாம் தரைக்கு மேல, வீடுங்க கட்டைக் கால் மேல. உள்ளே 22 டிகிரி இருக்கும். ஆனா காத்து வறட்சி, மாவு தூங்கும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஈரத்துணி உலர்த்துற அலமாரி ஒண்ணு ஒவ்வொரு மாடியிலயும் உண்டு, உள்ளே கதகதன்னு இருக்கும். மாவுப் பாத்திரத்தை அதுக்குள்ள வெச்சேன். முதல் தடவை பொங்கி வழிஞ்சு கீழ்த்தட்டுல இருந்த ஒருத்தரோட ஸ்கீ காலுறைக்குள்ள போயிடுச்சு. அவர் செக் நாட்டுக்காரர், நல்ல மனுஷன். தோசை சுட்டுக் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன். அப்புறம் அவரே வாரா வாரம் "எப்ப வைக்கப் போறே"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டார்.

பின்மார்க்_கிழவன் · #18

எங்கட ஆக்கள் பின்மார்க்கில கார் எஞ்சினுக்குப் பக்கத்தில மா வைச்சுப் புளிக்க வைச்சவை. உண்மையாச் சொல்லுறன்.

மதுரைக்காரி · #19

இந்த இழையில எனக்குப் புரிஞ்ச முதல் விஷயம் இதுதான்.

நெல்லைத்_தகப்பன் · #20

எல்லாருக்கும் நன்றி. நேற்று மகளிடம் மீன் எண்ணெய், கண்மூடி, இரும்பு முள் என்று வரிசையாகச் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு யார் இதெல்லாம் சொன்னது?" என்று கேட்டாள். சொல்லவில்லை. மார்ச் 8 அன்று இங்கிருந்து வீடியோ காலில் நாங்களும் பார்ப்பதாக ஏற்பாடு. இங்கே மாலை ஐந்தரை ஆகுமாம்.

அவள் அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறாள். அந்த அலமாரியில் மாவு எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும்?

உப்புக்காற்று · #21

பத்து மணி நேரம் போதும். உப்பு முதல்லயே போட்டுடணும். பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க.